அணைக்குக் கொடுத்த ஏலக்காடு

போடிநாயக்கனூர்
9-11-1983

அன்பு மகன் தங்கபாண்டியனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்த வடநாட்டுக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. அப்பாவுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, ஆனால் நன்றாக இருக்கிறார் என்று எழுத மனது வரவில்லை.

அப்பாவின் படம் பேப்பரில் வந்ததை உன்னோடு வேலை பார்க்கும் மதுரைக்காரர் காட்டினார் என்றும், நீ அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாய் என்றும் எழுதியிருந்தாய். அப்பு, அந்தப் பேப்பரில் போட்டிருப்பது நடந்ததில்லை. நடந்ததை நான் சொல்கிறேன், பொறுமையாகப் படி. குரங்கணிக்கு மேலே அணை கட்ட நம் ஏலக்காட்டை எடுத்தபோது நீ லீவில் வந்திருந்தாய், அதனால் மந்திரி வந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி பிடித்து வெயிலில் நின்றதும் உனக்குத் தெரியும். முதலில் நிலம் கொடுத்தவர் என்று அப்பாவை மேடையேற்றிப் பொன்னாடை போட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரனுக்கு இந்த அணைதான் பதில், இது தமிழனின் மானம் என்று மந்திரி பேசினார். அப்பா நம்பினார். நீ ஊருக்குப் போன பிறகு நடந்ததைத்தான் உனக்கு எழுதாமல் விட்டோம். ஏலச் செடிக்கு மேலே நின்ற நிழல் மரங்களை எல்லாம் வெட்டி லோடு லோடாக இறக்கினார்கள். சுவர் இடுப்பளவு எழும்பியது. அதற்குள் அந்தப் பக்கத்துக் கேரள அரசாங்கம் கேஸ் போட்டது, இங்கே மந்திரியும் மாறிவிட்டார். புதிதாக வந்தவருக்கு வேறொருவர் பெயர் வெட்டிய அடிக்கல் எதற்கு? வேலை நின்றது. நிலத்தை வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவும் பக்கத்துக் காட்டுச் சோணை மாமாவும் கன்று வாங்கி நட்டார்கள். நிழல் இல்லாத மண்ணில் ஏலம் நிற்குமா, பங்குனி வெயிலில் எல்லாம் கருகிப்போனது. சோணை மாமா கேரளத்து எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார்.

இந்தப் புரட்டாசியில் ஒரு ஜீப்பில் கட்சிக்காரர்கள் வந்தார்கள். "அய்யா, தேவாரத்துப் பக்கம் இதவிடப் பெரிய அணை வரப்போகுது. அங்க சனம் நிலத்தக் குடுக்க மாட்டேங்குது. முன்னாடி குடுத்தவுக நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுனாப் போதும்" என்றார்கள். நான் போக வேண்டாம் என்றேன். அப்பா என்னை உள்ளே கூப்பிட்டு, "ஒரு வார்த்தை பேசத்தான கூப்பிடுறாக, பேசிட்டு வர்றேன்" என்றார். என்ன வார்த்தை என்று எனக்குப் புரிந்தது. நானும் கூடவே போய்க் கூட்டத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். மேடை முழுக்கக் கொடி, தேசப்படத்துக்கு நடுவில் அணையை வரைந்து வைத்திருந்தார்கள். அப்பா மைக்கைப் பிடித்து, "எங்க காட்ட நான் குடுத்தேன்" என்றார், கீழே கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். கைதட்டு ஓய்ந்ததும், "நீங்க குடுக்காதீகப்பா" என்று சொல்ல வாயெடுத்தார். பாதியில் மைக் செத்துப்போனது, மேளம் கிளம்பியது. அவர் கத்தினார், கழுத்து நரம்பு புடைத்ததுதான் தெரிந்தது. பொன்னாடையைப் போர்த்தி அவர் இரண்டு கையையும் பிடித்து மேலே தூக்கினார்கள். நீ பார்த்த படம் அதுதான். பக்கத்தில் இருந்த ஒரு பெண், "ஒங்க வீட்டுக்காரரா? குடுத்து வச்சவ ஆத்தா நீ" என்றாள். குடுக்காதீக என்று சொல்கிறார் தாயி என்று அவள் காதில் கத்தினேன். மேளச் சத்தத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேடைக்குப் பின்னாலேயே மேசை போட்டு அன்றைக்கே சனத்திடம் நிலத்துக்குக் கைரேகை வாங்கிவிட்டார்கள். மறுநாள் அப்பா பஸ் பிடித்துப் போய் முடிந்த வீடுகளில் எல்லாம் சொன்னார், ரேகை வைத்தாச்சு, இனிமேல் என்ன செய்ய என்று கேட்டார்கள்.

போன வாரம், கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்த அந்தப் பெண் நம் வீட்டைத் தேடி வந்தாள், பெயர் அன்னக்கொடி. "பெரியய்யா, பட்டவுகளே வந்து குடுக்கச் சொல்றாகன்னுதான் எங்க வீட்டுல ரேகை வச்சாக. இன்னைக்கு மாமரத்தப் பூராம் வெட்டுறாக. நாங்க எங்க போக?" என்று அழுதாள். அப்பா, "நான் சொன்னேன் தாயி" என்றார். "என்ன சொன்னீக?" என்று அவள் கேட்டாள். அவளுக்குச் சோறு போட்டேன், கை வைக்காமல் போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பா என்னிடமும் பேசுவதில்லை. காப்பி கொடுத்தால் குடிக்கிறார், படு என்றால் படுக்கிறார்.

உன் மேல் எனக்குக் குறை இல்லை அப்பு. நீ கிரேன் ஓட்டுகிற அந்த இடத்தையும் யாரோ கொடுத்திருப்பார்கள், அதைக் கேட்டு உன்னால் என்ன ஆகப்போகிறது, உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். லீவு போட்டு ஓடி வராதே, இங்கே வந்து நீ செய்வதற்கு ஒன்றும் இல்லை. மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், குலசாமி துணை இருக்கட்டும். அப்பா பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மறந்துவிடாதே. அதில் அணையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். சின்னவள் நடக்கிறாளா, என்ன பேசுகிறாள் என்று எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
மொ. கருத்தம்மாள்