இந்த மாதத் தவணை

என்னங்க,

என் படிப்புக் கடனை அடைக்கத்தான் நீங்கள் மஸ்கட் போனீர்கள். தவணை தவறக்கூடாது என்று இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை என்று நேற்று போனில் சொன்னீர்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நம் வீட்டு ஓனர் வரது மாமா டிவியில் கல்விக்கடன் தள்ளுபடி விவாதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளுபடி பண்ணினா, ஒழுங்கா கட்டினவாள்லாம் அசடா?" என்றார்.

"உங்க காலேஜ் ஃபீஸ் எவ்வளவு மாமா?"

"கவர்மென்ட் காலேஜ்மா. மெஸ் பில்தான் ஜாஸ்தி."

"அப்ப உங்களுக்குப் படிக்கும்போதே தள்ளுபடி பண்ணிட்டாங்க."

மாமா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

இன்ஜினியரிங் படித்துவிட்டுத் தென்னூர் துணிக்கடையில் பில் போடுகிறேன். இந்தச் சம்பளத்தில் எந்தக் கடன் அடையும்? தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுபடி என்கிறார்கள். அதை நம்பிக் கட்டாமல் விட்டவர்களுக்கு வட்டிதான் ஏறியது. அதெல்லாம் எனக்கும் தெரியும்.

காவிரியில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. பாலத்துக்கு முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே வருகிறேன். நாம் நிற்கும் இடம் வந்ததும் வேகமாக நடந்துவிடுகிறேன்.

இந்த மாதத் தவணையைக் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் டிக்கெட் எடுங்கள். பாங்கிலிருந்து ஆள் வந்தால், வாசலில் நின்று நான் பேசிக்கொள்கிறேன்.

உங்கள் கடன்காரி