ஏழு பேரைச் சுடாத என் தம்பிக்கு

என் குட்டியப்பா,

நேற்று உனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள், பிழை இருக்கும். நீ திட்ட மாட்டாய். ஊர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தெருமுனையில் உனக்குப் பேனர் வைத்தார்கள். உன் தலையை வெட்டி, துப்பாக்கி பிடித்த எவனோ ஒருவன் உடம்பில் ஒட்டியிருந்தது. கீழே, உன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக நம் சித்தப்பா மகன் செல்வம் கும்பிட்டு நிற்கிறான். வார்டு எலெக்‌ஷன் வருகிறதே. சங்கிலி தெரிய வேண்டும் என்று சட்டையில் இரண்டு பொத்தானைப் போடவில்லை. துக்கமாம்.

கார்கில் சண்டையில் நீ என்ன செய்தாய் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். பட்டாளத்தில் நீ தச்சன். செத்தவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பப் பெட்டி செய்தாய். பெட்டியின் உள்பக்கத்தையும் இழைப்பேன் என்று ஒருநாள் சொன்னாய். உள்ளே இருக்கிறவனுக்கா குத்தப்போகிறது என்று கேட்டேன்.

"அவங்கம்மா தொறந்து கைய வெப்பாங்க இல்லக்கா" என்றாய்.

ஊருக்கு வந்த பிறகு ஒருத்தரும் உன்னை வாசல் நிலை செய்யக் கூப்பிடவில்லை. பிணப்பெட்டி செய்த கை பட்டால் வீட்டுக்கு ஆகாதாம். செல்வம் வீடு கட்டியபோது, நாலு வீடு தள்ளி இருந்த உன்னை விட்டுவிட்டுத் திட்டக்குடியிலிருந்து ஆசாரியைக் கூட்டிவந்தான். பெரிய யோக்கியன். நீ பீங்கான் கம்பெனிகளுக்குப் பார்சல் பெட்டி அடித்தே காலத்தை ஓட்டினாய். ஒருத்தனிடமாவது ஏன் என்று கேட்டாயா? அந்தக் கோபம் எனக்கு உன்மேலும் உண்டு.

நேற்றுப் படத்திறப்பில் அதே செல்வம் மைக்கைப் பிடித்தான். எங்கள் அண்ணன் ஏழு பேரைச் சுட்டவர், அந்தக் கையைப் பிடித்து வளர்ந்தவன் நான் என்றான். கை தட்டினார்கள். சுட்டால் நல்ல கை, பெட்டி செய்தால் தீட்டுக் கை. இதுகளுக்கெல்லாம் இலை போட்டுச் சோறு வேறு.

நான் எழுந்துவிட்டேன். என் தம்பி ஒருத்தரையும் சுடவில்லை, பெட்டிதான் செய்தான், அதற்காகத்தான் நீங்கள் அவனை ஒதுக்கினீர்கள் என்று சொன்னேன். பந்தியே நின்றுபோனது.

செல்வம் மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"சும்மா குந்துங்கக்கா. நானா கட்டிவுட்டேன்? அண்ணன்தான் சொன்னாரு. நான் வூட்டுக்குக் கடைக்கால் தோண்டுனப்ப வந்து, 'பொட்டி செஞ்சது வேற ஆளு, நான் ஏழு பேர சுட்டேன், எனக்கு ஒரு நிலை வேல குடுறா'ன்னு கேட்டாரு."

"அப்பறம் ஏண்டா குடுக்கல?"

"அப்ப நம்பலக்கா."

"இப்ப எலெக்‌ஷனுக்கு நம்புறியா?"

சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டான்.

இன்று விடிந்ததும் அரிவாளோடு போய்ப் பேனர் கயிற்றை அறுத்துப் போட்டேன். செத்தவனுக்குக் கிடைத்த பேரையும் கெடுத்துவிட்டாள் என்கிறார்கள். இவர்கள் தரும் பேர் யாருக்கு வேண்டும்? எவன் வந்து கேட்டாலும் நீ செய்ததைத்தான் சொல்வேன். என் உசிர் இருக்கும்வரை சொல்வேன், இது சத்தியம்.

செல்வம் வாயைத் திறந்தால் பொய். அது எனக்குத் தெரியும். இருந்தும் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வாசல் நிலைக்காக, அவன் முன்னால் போய் நின்று, பெட்டி நான் செய்யவில்லை என்று நீ சொன்னாயாடா?

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா