ரேந்தை கட்டிய அரக்கன்

அக்கா,

இன்று காலை தகரப்பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையோடு நீயும் எழுந்து வந்துவிட்டாய். சபையின் வாலிபப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஏரோது ராஜாவின் உடை தேடி என்னிடம் வந்திருந்தார்கள். பழைய சர்க்கஸ்காரன் வீட்டில் ராஜ உடை இல்லாமலா போகும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். துழாவிய கைக்கு வந்தது நீ நூலில் பின்னிக் கட்டிய ரேந்தைக் கழுத்துப்பட்டை, இந்தப் பிள்ளைகள் பாஷையில் லேஸ். முறம் அளவு அகலம். வெள்ளை நூல் பழுத்துத் தேன் நிறமாகியிருக்கிறது. ஆனால் நீ அதில் பின்னிய ஆட்டுக்குட்டிகளிலும் திராட்சைக் குலைகளிலும் ஒரு கண்ணிகூட அவிழவில்லை.

"பாட்டா, இது ஏரோதுக்குக் கரெக்டா இருக்கும்" என்று ஒரு பெண் கையை நீட்டினாள்.

"இது ஏரோதுக்கு உள்ளதல்ல மக்கா. அரக்கனுக்கு உள்ளதாக்கும்" என்றேன்.

கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். பிறகு என்ன செய்வது, உட்காரவைத்துக் கதையைச் சொன்னேன். நீ உயிரோடிருந்து சொல்ல வேண்டிய கதை. என் வாயில் பாதி ருசிதான் வந்திருக்கும்.

எல்லைக் கிளர்ச்சி நடந்த காலம். நம் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று இன்னொரு கூட்டம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் நின்ற நாட்கள். எனக்கு இருபத்துநாலு வயது. உதியன்குளங்கரை முக்கில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் என்பதால், சேர வேண்டும் என்ற கூட்டத்தின் ஊர்வலம் என்றால் கொடியை என் கையில்தான் கொடுப்பார்கள். எனக்கும் அதில் பெருமை. ஒரு நாள் வேறொரு ஊரில் ஊர்வலத்தின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அன்றிலிருந்து நான் வீட்டுக்கு வந்து சேரும்வரை நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டாய். அப்பாவும் அம்மாவும் போய்விட்ட வீட்டில் நாம் இரண்டே பேர். நீ என்னைத் திட்டவில்லை. ரேந்தைத் தலையணையை மடியில் வைத்து நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பாய். அந்தக் குச்சிகளின் சத்தம் எவ்வளவு வேகமோ அவ்வளவு கோபம் என்று நான் வாசலிலேயே தெரிந்துகொள்வேன்.

அப்போதுதான் அறுவடை முடிந்த வயலில் அந்த சர்க்கஸ் கூடாரம் போட்டது. வடக்கே தலச்சேரிப் பக்கத்து ஆட்கள். மற்ற சர்க்கஸ் போல ஒன்றுக்கொன்று ஒட்டாத வித்தைகள் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே கதை. கடலரக்கன் ஒருவன் இளவரசியின் விளக்கைத் திருடிக்கொண்டு போகிறான். அவள் குதிரை மேல் நின்று ஏழு நாடு கடக்கிறாள், ஊஞ்சலில் பறந்து ஏழு மேகம் கடக்கிறாள். கடைசியில் உச்சிப் பலகையில் அரக்கனை ஈட்டியால் குத்த, அவன் வலையில் விழுந்து சாகிறான். ஆடுகிறவர்கள் வாய் திறப்பதில்லை. நீளக் கோட்டுப் போட்ட ஒருவர் ஓரத்தில் நின்று தகரக் குழாய் வழியாகக் கதையை மலையாளத்தில் சொல்வார்.

ஊர்க் கலவரத்தைக் கண்டு பயந்து அரக்கன் வேஷக்காரர் பஸ் ஏறிவிட்டார். இது எப்படியோ உன் காதுக்கு எட்டி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ மானேஜரிடம் போய் நின்றிருக்கிறாய். "எனக்க தம்பி ஒருத்தன் உண்டு. ஆறடிக்கு மேல வருவான். வேஷம் ஒண்ணும் வேண்டாம், அவனைக் கண்டாலே பிள்ளைகள் அழும்." சொந்தத் தம்பியைப் பற்றி இப்படியா சொல்வது என்று எனக்கு இரண்டு நாள் கோபம். ஊர்வலம் கிளம்புவது நாலு மணிக்கு. ஆட்டம் தொடங்குவதும் நாலு மணிக்கு. உன் தந்திரம் எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

அரக்கனின் கறுப்பு அங்கியில் கழுத்தைச் சுற்றி இருந்த கரடி ரோமத்தைப் பூச்சி தின்றிருந்தது. ஏதாவது வைத்துத் தைத்துத் தரச் சொல்லி மானேஜர் அதை உன்னிடம் கொடுத்தார். அங்கேதான் அவர் தவறு செய்தார். பத்து வயதிலிருந்து மிஷன் ரேந்தை அறையில் உட்கார்ந்தவள் நீ. ஆலயத்து மேசை விரிப்பும் ஞானஸ்நானச் சட்டையும் தவிர வேறெதற்கும் நீ நூல் எடுத்ததில்லை.

"அரக்கனுக்கு ஆட்டுக்குட்டியா அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு அறிஞ்ச கோலம் இதாக்கும். கறுப்பில வெள்ளை நல்ல எடுப்பா இருக்கும். நீ கழுத்தை நேரே வையிலே."

முதல் ஆட்டம். முரசு முழங்க, கையில் விளக்கோடு, பல்லைக் கடித்துக்கொண்டு நான் வட்டத்துக்குள் பாய்ந்தேன். கூடாரமே அடங்கியது. என் பலம் எனக்கே பயமாக இருந்த அந்த நேரத்தில் முன்வரிசையில் ஒரு குழந்தை கணீரென்று கேட்டது: "அம்மா, இந்த மாமனுக்கு இண்ணைக்கு ஞானஸ்நானமா?"

சிரிப்பு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. மானேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். குதிரை மிரண்டது. சிரிப்பு ஓய்வதற்குள் பின்னாலிருந்து, "தமிழில கதை சொல்லு!" என்று ஒரு சத்தம். உடனே எதிர்ப்பக்கம், "மலையாளத்தில் பறஞ்ஞா மதி!", மலையாளமே போதும் என்று பதில். பெஞ்சுகளில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். கோட்டுக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போனவர்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், திருட்டு விளக்கோடும் ஞானஸ்நானக் கழுத்தோடும் நான் நின்றேன்.

நீ பெண்கள் பக்கத்திலிருந்து இறங்கி வந்தாய். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழாயை எடுத்தாய். ஆலயத்தில் பாட்டு தவிர வேறெதற்கும் வாய் திறக்காத நீ.

"எல்லாரும் இரிங்க. கதை இனியாக்கும் தொடங்குது. இவன் அரக்கன் தான். ஆனா இவனுக்கும் வீட்டில ஒரு அக்கா உண்டு. ஈ ரேந்த கெட்டிக் கொடுத்தது அவளாணு. நல்ல பிள்ளையா இருக்கட்டும் எண்ணு கெட்டினாள். இவன் அதைக் கழுத்தில இட்டுக்கிட்டு விளக்கு திருடப் போனான்."

ஒரு வாக்கியம் தமிழ், ஒரு வாக்கியம் மலையாளம், நம் அடுக்களையில் பேசுவது போலவே. இரண்டு கூட்டமும் தன் மொழி வரும்வரை காத்திருந்து, அந்த இடைவெளியில் மற்றதையும் கேட்டுவிட்டது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். குதிரை ஓடியது, ஊஞ்சல் பறந்தது. உச்சிப் பலகையில் இளவரசி ஈட்டியை ஓங்கினாள். வழக்கப்படி நான் சாக வேண்டிய இடம்.

"வேண்டாம் மக்கா!" என்று கீழே இருந்து நீ கத்தினாய். கதை சொல்லும் குரலே இல்லை அது. "அவனைக் கொன்னா, அங்க சோறு வச்சுக் காத்திருக்குறவளுக்கு ஆரு பதில் பறயும்?"

அவ்வளவு உயரத்தில் நின்றுதான் உன்னை முதல்முறை சரியாகப் பார்த்தேன். இளவரசி வேஷக்காரி விளங்கிக்கொண்டாள். ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். நான் விளக்கைக் கொடுத்தேன், கொடுத்த வேகத்தில் கால் தவறி வலையில் விழுந்தேன். எழுந்து கையைத் தூக்கியதும் கூடாரம் இடிந்துவிடும் போலக் கைதட்டல். அதன் பிறகு அந்த சர்க்கஸ் நம் ஊரை விட்டுக் கிளம்பும்வரை அரக்கன் சாகவே இல்லை. நானும் கொடி பிடிக்கப் போகவில்லை.

முன்வரிசையில் சில நாள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மதராஸ்காரர்கள் சினிமா ஆட்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நம் கதையை வைத்து அவர்கள் எடுத்த படம் வருவதற்குள் எல்லைக்கோடு விழுந்துவிட்டது. நாம் கேரளத்தில், களியக்காவிளை தமிழ்நாட்டில். பஸ் ஏறி, புது எல்லையைத் தாண்டி, அங்கே போய்ப் படம் பார்த்தோம். திரையில் அரக்கனுக்குக் கொம்பு இருந்தது, ஜரிகை இருந்தது, இடுப்புவரை பொய்முடி இருந்தது. ரேந்தையில் ஒரு நூல்கூட இல்லை. ஆனால் அரக்கனுக்கு அக்காவை வைத்திருந்தார்கள்! தலைமுடியை விரித்துப் போட்டு, கழுத்து நிறைய நகையோடு, மார்பில் அடித்து அழுதாள் அவள்.

"ஞான் எப்பம்லே இப்பிடி அழுதேன்?" என்று நீ என் விலாவில் இடித்தாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கடைசிக் காட்சியில் சிரிப்பு நின்றது. இளவரசி ஈட்டியை எறிந்தாள். அரக்கன் மலையிலிருந்து விழுந்தான். அக்காக்காரி அவன் மேல் விழுந்து புரண்டாள். கொட்டகையில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நீ எழுந்து நின்றாய்.

"கள்ளம்! அவன் சாகல்ல. இந்தா இருக்கான்!"

என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாய். புரொஜெக்டர் வெளிச்சத்தில் என் நிழல் திரை முழுக்க விழுந்து செத்த அரக்கனை மறைத்தது. பிறகு விசில். பெஞ்சு டிக்கெட்டில் யாரோ, "அரக்கனுக்கு ஜே!" என்றார்கள். கொட்டகைக்காரர் நம்மை வெளியே அனுப்பினார். வழிநெடுக நீ சிரித்துக்கொண்டே வந்தாய், கையை மட்டும் என் காலரிலிருந்து எடுக்கவே இல்லை.

இதையெல்லாம் கேட்டு முடித்ததும் அந்தப் பெண், "அப்போ அரக்கன் பிறகு என்ன ஆனான் பாட்டா?" என்றாள். நான் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன.

"இந்தா இருக்கான்."

பிள்ளைகள் நீ இருந்தால் எப்படிச் சிரிப்பாயோ அப்படிச் சிரித்தார்கள். ஏரோதுக்கு வேறு உடை பார்க்கச் சொல்லிவிட்டேன். பச்சைப் பிள்ளைகளைக் கொல்லச் சொன்னவனை உன்னால்கூடக் காப்பாற்ற முடியாது. பட்டையைக் கட்டிக்கொண்டு கடைசி மேய்ப்பனாக நானே நிற்கப் போகிறேன், ஆட்டுக்குட்டிகளைக் கழுத்திலேயே வைத்திருக்கிறேனே.

நாடகம் நாலு மணிக்குத்தானாம், அக்கா. நான் ஆலயத்தில்தான் இருப்பேன், வேறெங்கும் போகவில்லை. எனக்காகக் காத்திருக்காதே. நீ சாப்பிடு, நான் மெதுவாக வாறேன்.