விரிப்பில் விழுந்த கட்டங்கள்

அன்பான அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், பதறாமல் படியுங்கள்.

எங்கள் சலவைக்கூடத்து சூப்பர்வைசர் என் சதுரங்கப் பலகையைப் பிடுங்கிப் பூட்டிவிட்டார். படுக்கை விரிப்பை நீளத்தில் மூன்று முறையும் அகலத்தில் மூன்று முறையும் பாதியாக மடித்துப் பிரித்தால், அறுபத்து நான்கு கட்டங்கள் விழும். பழைய சாம்பியன்களின் ஆட்டங்களை அதில் மனதாலேயே நகர்த்தியபடி இஸ்திரி போட்டேன். முதல் வாரம் யானையை எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. இப்போது விரிப்பும் வேண்டாம்.

நேற்று அவர், “என்னம்மா முணுமுணுக்கிற?” என்றார்.

“ஆடுறேன் சார். நீங்க பலகையைப் பாத்து ஆடுங்க, நான் சுவத்தைப் பாத்து ஆடுறேன்.”

சாப்பாட்டு நேரத்தில் ஆடினோம். இருபத்தாறாவது நகர்த்தலில் அவர் ராஜாவுக்குப் போக்கிடமில்லை. பலகையை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே வச்சுப் பழகுங்க சார்” என்றேன்.

திட்டாதீர்கள். நான் தேய்த்த துணியில் ஒரு சுருக்கத்தைக்கூட அவரால் காட்ட முடியாது.

ஒரு உதவி. அலமாரியிலுள்ள சாம்பியன்கள் புத்தகத்திலிருந்து அடுத்த ஆட்டத்தை எழுதி அனுப்புங்கள். போனில் வேண்டாம், உங்கள் கையெழுத்தில். மொத்தத்தையும் ஒரே தடவையில் எழுதிவிடாதீர்கள். கடிதத்துக்குப் பத்து நகர்த்தல் போதும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்