குண்டக்காவுக்கு ஒரு வேர்வைக் கணக்கு

மார்ச் 10, திங்கள். எட்டு மணிக்கே வெயில் சுள்ளுன்னு.

குண்டக்கா, பனியன் கம்பெனி நர்சம்மா இந்த நோட்டு குடுத்தாங்க. "எப்பத் தூரம் ஆகறீங்க, எப்ப வேர்க்குது, எப்பக் கோவம் வருது, எல்லாம் தேதி போட்டு எழுதுங்க. டாக்டர்கிட்டக் காட்டலாம்"னாங்க. எட்டாவதோட நின்னவளுக்கு நோட்டு. சும்மா எழுதுனா கை நகரல. அதான் கூடப் பொறந்த உனக்கே எழுதறேன். நீ செத்து ஒரு வருசம். அதுக்கு முந்தி எட்டு மாசம் எங்கூடப் பேசல. ரெண்டுக்கும் சேத்து எழுதிப்போடறேன்.

தூரம்: ரெண்டரை மாசமா இல்ல. அதுக்கு முந்தி பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா.
வேர்வை: 5. பஸ்ல 1, லைன்ல 3, ஊட்ல சும்மா உக்காந்து 1.
கோவம்: 3. சூப்பர்வைசர் 2, எங்கூட்டுக்காரரு 1. (தண்ணி கேட்டாரு. அவ்வளவுதான்.)
அழுகை: 1. இட்லி மாவு பொங்கி வழிஞ்சதுக்கு.

மெசினுக்குப் பக்கத்துல ஃபேன் கேட்டேன். சூப்பர்வைசர் தம்பி, "வெட்டுத்துணி பறக்குமுங்க அக்கா, ஆகாதுங்க"ன்னுட்டான்.

ஃபேன்னா உன் நெனப்பு. எம்மவ கல்யாணம், பல்லடம் மண்டபம். சம்பந்தி பக்கம் வச்ச ஸ்டேண்டு ஃபேன நீ உம்பக்கம் திருப்புன. நான் அங்க திருப்புனேன். நீ இங்க. நான் அங்க. கடைசில "அரிசி மூட்டையாட்டம் உடம்ப வச்சுட்டு வேர்க்காம என்ன பண்ணும்"னு எல்லாருங் கேக்கச் சொல்லிப்போட்டேன். நீ பந்தில உக்காராமயே போயிட்ட. அப்பறம் போன எடுக்கல. நானும் ரெண்டு தடவைக்கு மேல அடிக்கல. எட்டு மாசங் கழிச்சு உன்ன லாரி அடிச்சுப்போட்டுது.

போதும். கை வலிக்குது.

மார்ச் 11, செவ்வாய். காத்தே இல்ல.

மானம் போன நாள்.

மத்தியானம் ஊசி ஒடஞ்சுது. தைக்கறது கொழந்தைங்க பனியன். ஒடஞ்ச துண்டு எல்லாத்தையும் ஊசி நோட்டுல டேப் போட்டு ஒட்டிக் காட்டுனாத்தான் புது ஊசி குடுப்பாங்க. மூணு துண்டு. ரெண்டு துண்டு ஊசி நோட்டுல இருக்குது. முனையக் காணோம்.

லைன நிறுத்தியாச்சு. பக்கத்து மெசின் செல்வி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, காந்தத்த எடுத்துட்டு எங்காலுக்கடியில தவழ்றா. "ஏ யக்கா, எந்திச்சு நில்லுங்க. சேலைல ஒட்டிக் கெடக்கான்னு பாப்பம். திரும்புங்க. ம், ஆளு நல்லாத்தான் இருக்கீய, மூளதான் எங்கயோ போயிட்டு."

சூப்பர்வைசர் தம்பி: "அந்த முனை ஒரு கொழந்த கழுத்துல குத்துச்சுன்னா என்னங்க ஆகறது? இன்னொரு தடவ இப்புடி ஆனா உங்கள ஹெல்பரா மாத்திருவாங்க அக்கா."

இருபது வருசம் தச்சவ, ஹெல்பரா! அழுவாச்சி வந்துருச்சு. தச்ச கட்டு பூராவும் ரெண்டு தடவ, இரும்பு இருந்தாக் கத்தற மெட்டல் மெசினுக்குள்ள போயிட்டு வந்துது. ஒண்ணுமில்ல.

டீ நேரத்துல வேர்வை எழுதலாம்னு இந்த நோட்டத் தொறந்தேன். நேத்து எழுதுன இட்லி மாவுக்குக் கீழ, டேப்புக்குள்ள, பளபளன்னு ஊசி முனை. தேதி. என் கையெழுத்து.

ரெண்டு நோட்டும் ஒரே நீளம், ஒரே பச்சை அட்டை.

பிச்சு எறிஞ்சுட்டு வாய மூடிக்கலாம்னு ஒரு நிமிசம். கொழந்த கழுத்துன்னானே, அது காதுலயே நின்னுச்சு. கொண்டு போய்க் குடுத்தேன்.

அந்தத் தம்பி முனையப் பாத்தான். அப்பறம் மேல படிச்சான். "சூப்பர்வைசர் 2"ங்கற எடத்துல நின்னுட்டான்.

"ரெண்டு தடவைங்களா அக்கா?"

"இன்னைக்கு இன்னும் எழுதலீங்க தம்பி"ன்னேன்.

ஒட்டுனதப் பிரிக்கக் கூடாதுன்னு ரூலு. அந்த எடத்த அப்புடியே கத்தரிச்சு ஊசி நோட்டுல ஒட்டிட்டான், இட்லி மாவு வரியோட. வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வந்தா அதையும் படிச்சுட்டுப் போவான். அந்த வரிய மேல மறுபடி எழுதி வச்சுட்டேன்.

வேர்வை: எண்ணல.

மார்ச் 12, புதன். மேகம் போட்டுச்சு, பெய்யல.

எங்கூட்டுக்காரரு சாயந்தரம் ஒரு பை நெறைய மாங்கா வாங்கிட்டு வந்தாரு. முப்பது வருசத்துல கேட்டும் வாங்குனதில்ல.

"என்னங்க இது?"

"இல்ல... ரெண்டு மாசமாச்சல்ல." அக்கம்பக்கம் பாத்துக்கறாரு. "மவ ஊட்ல விசேசம் ஆகறதுக்கு முந்தி நமக்கு ஆயிப்போச்சுன்னா சம்பந்திக்கு என்னன்னு சொல்றது?"

சிரிச்சேன். அப்பறம் நெசமா இருந்துட்டான்னு பயம். நாப்பத்தாறு வயசுல!

மாங்கா நல்லாருந்துச்சு. உப்பு, மொளகாப்பொடி. மூணு தின்னேன்.
கோவம்: 0.

மார்ச் 13, வியாழன். அரை நாள் லீவு. லேடி டாக்டர்.

மொதல்ல மூத்திர டெஸ்ட். கொழந்தையெல்லாம் இல்ல. எங்கூட்டுக்காரரு வெளிய பெஞ்சுல இருந்து சாமியக் கும்புட்டாரு.

டாக்டரம்மா சொன்னது, மறக்கறதுக்குள்ள:
இது நோயில்ல. மாதவிலக்கு நிக்கறதுக்கு முந்தி சில வருசம் உடம்பு இப்புடி முன்னப் பின்ன ஆடும்.
திடீர்ச் சூடு, தூக்கமில்லாதது, மறதி, கோவம் எல்லாம் அதோட சேந்தது. கெட்ட புத்தி இல்ல.
ஒரு வருசம் முழுசா வராம இருந்தாத்தான் நின்னுபோச்சுன்னு அர்த்தம். அது வரைக்கும் கொழந்த உண்டாகலாம். (இத எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லோணும். சாக்கிரதையா இருந்தா மாங்காச் செலவு மிச்சம்.)
ரத்தம் அளவுக்கு மேல போனாலோ, நின்னு ஒரு வருசத்துக்கப்பறம் மறுபடி பட்டாலோ, வெக்கப்படாம ஒடனே வரோணும்.
ரத்தம், தைராய்டு டெஸ்ட். டீ கொறைக்கோணும். நடக்கோணும். கேப்பை, கீரை, முட்டை. ரொம்ப முடியலைன்னா மாத்திரை இருக்குது.

எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். அப்பறம் கேட்டாங்க: "அம்மாவுக்கு எந்த வயசுல நின்னுச்சு?"

அம்மா இதையெல்லாம் வாயத் தொறந்து சொன்னதில்லீங்கன்னேன்.

"கூடப் பொறந்தவங்க? அக்கா இருக்காங்களா?"

இருந்தாங்கன்னேன்.

"அவங்களுக்கு இந்த மாதிரி வேர்வை, கோவம் ஏதாவது...?"

டாக்டரம்மா பேனாவப் புடிச்சுட்டுக் காத்திருந்தாங்க. எம்மவ கல்யாணத்தப்ப உனக்கு நாப்பத்தியேழு. சேலைத் தலப்புல கழுத்தத் தொடச்சுட்டே இருந்த. மொகம் செவந்து கெடந்துச்சு. நான் அரிசி மூட்டைன்னேன்.

"தெரியலீங்க"ன்னேன்.

பஸ்ல அழுகை. எண்ணல. எங்கூட்டுக்காரரு சன்னல் சீட்ட எனக்கு விட்டாரு.

மார்ச் 14, வெள்ளி. நல்ல வெயில்.

லைனுக்குப் போனா எம் மெசினுக்குப் பக்கத்துல ஸ்டேண்டு ஃபேன். சூப்பர்வைசர் தம்பி வேற பக்கம் பாத்துட்டே, "சின்ன ஸ்பீடுல வச்சுக்குங்க அக்கா. உங்க நோட்டுல என் பேரு இன்னொருக்கா வர வேண்டாமுங்க"ன்னான்.

செல்வி வெட்டுத்துணி மேல கத்தரியத் தூக்கி வச்சா. "பறந்தாப் பறக்கட்டும், நான் புடிச்சுக்கிடுதேன். நீங்க காத்து வாங்குங்க."

பத்து மணிக்குக் கழுத்துல இருந்து சூடு கெளம்புச்சு. ஃபேன எம்பக்கம் திருப்பி வச்சேன். மூஞ்சில காத்து. யாரும் மறுபடி அந்தப் பக்கம் திருப்பல.

வேர்வை: 4. கோவம்: 0.

ஏக்கா, அன்னைக்கு நான் அந்த ஃபேன உம்பக்கமே விட்டிருந்தா, சாப்பிட்டுட்டுப் போயிருப்பியா?