தவிட்டுக்குருவிக்குத் தங்கூசி

ஜனவரி 18
இன்றும் ஒரு மைக் போயிற்று. சாத்தான்குளம் செம்மணல் தேரியில் நான்கு தவிட்டுக்குருவிகளின் முதுகில், சுண்டுவிரல் நகத்தளவு மைக்கைப் பருத்தி நூலால் கட்டிவிடுகிறேன், எது எதனிடம் என்ன பேசுகிறது என்று கேட்க. இந்தச் சனியன்கள் ஒன்றையொன்று கோதிவிடுகிற சாக்கில் நூலை அறுத்துத் தள்ளிவிடுகின்றன. மைக் செய்து தருகிற பெர்சிக்குச் சிரிப்பு. "ஏளா ஜெயா, அதுக ஒன்னையவிட வெவரம்."

ஜனவரி 21
ஆலந்தலையில் தங்கூசி வாங்கி வந்தேன். தூண்டிலுக்குப் போடுகிற நைலான் நரம்பு, கொத்தினால் அறாது. பெர்சி தயங்கினான். "எங்கயும் மாட்டுனா அத்துக்கிட்டு வரணும்லா. அதுக்குத்தான பருத்தி."
மாட்டாது என்றேன். மார்ச்சில் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும், எனக்கு வேறு வழியில்லை. நான்குக்கும் கட்டியாயிற்று.

ஜனவரி 27
ஒரு மைக்கும் விழவில்லை. அப்பாடா.

பிப்ரவரி 3
நான்கு குருவிகளில், காலில் நீல வளையம் போட்டவள் உடைமரத்தில் தொங்கினாள். தலைகீழாக. நரம்பு முள்ளில் சிக்கியிருக்கிறது. எறும்பு மொய்த்துவிட்டது. நேற்று ஞாயிறு, கோயிலுக்குப் போய்விட்டு இந்தப் பக்கம் வரவில்லை. வந்திருக்கலாம்.

பிப்ரவரி 4
அவள் மைக்கில் பதிவானதைக் கேட்டேன்.
முதலில் அவள் கத்தல். உடனே கூட்டம் முழுக்க வந்துவிட்டது. பிறகு டக், டக் என்று மைக்கின் மேலேயே ஒரு சத்தம். என்னவென்று புரியாமல் ஒலியைக் கூட்டினேன். அலகு. நரம்பைக் கொத்துகின்றன. வெயில் ஏறி இறங்கும்வரை, மாறி மாறி, விடாமல் — அவள் சத்தம் நின்ற பிறகும். பருத்தியாக இருந்தால் அறுத்து விட்டிருக்கும். ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்.
வழிகாட்டி சங்கரலிங்கம் சாரிடம் போனில் சொன்னேன். "இப்பிடி ஒரு ரெக்கார்டிங் யார்ட்டயும் கெடையாதும்மா. மத்த மூணும் அப்படியே இருக்கட்டும்."
போனை வைத்துவிட்டேன். மனுசன்தானா அவர்? நான் மட்டும் யார்?

பிப்ரவரி 5
மற்ற மூன்றையும் பிடித்து நரம்பை அறுத்துவிட வேண்டும். வலை கட்டினோம். ஒன்றும் விழவில்லை.

பிப்ரவரி 6
விழவில்லை.

பிப்ரவரி 11
"நீ தள்ளிப் போளா. ஒன்னயப் பாத்துதான் கத்துதுக" என்றான் பெர்சி. எனக்குக் கோபம் வந்தது. சரி, போய்த்தொலை என்று பனை மறைவில் நின்றேன். அவன் வலையருகே நடந்தான். குருவிகள் தரையில் மேய்ந்தபடியே இருந்தன. நான் வெளியே வந்தேன். உடனே எல்லாம் கத்தின.
அந்தக் கத்தலை எனக்குத் தெரியும். வல்லூறு வரும்போது மட்டும் கொடுப்பது. என்னையும் அறியாமல் அண்ணாந்து பார்த்தேன். மேலே ஒன்றுமில்லை.
மூன்றும் முதுகில் நரம்போடு உடைமரத்துக்குள் பாய்ந்தன.