அடுப்படியில் விழுந்த பலகை

செட்டிகுளம்
கார்த்திகை 4

அன்பு மகள் முத்தமிழுக்கு அப்பா எழுதுவது. நலம் என்று எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை. அந்த ஜெர்மனிக் குளிரில் நீயாவது சுகமாக இரு.

ஐப்பசி மழை விடாமல் கொட்டியதில், நீ மக்காச்சோளத் தட்டையை அரைத்துச் சுண்ணாம்பில் பிசைந்து அழுத்திச் செய்த கூரைப் பலகை ஊறிப் பெயர்ந்து, அடுப்படியில் நின்ற அம்மாவின் தோளில் விழுந்ததே, அதில் முறிந்த எலும்பு இன்னும் கூடவில்லை. தலை பின்னிவிடுவதுகூட நான்தான், கோணலாகத்தான் வருகிறது. அன்று போனில் சொன்னதும் நீ என்ன கேட்டாய்? "விழுந்த துண்டத் தூக்கிப் போட்டுடாதீங்கப்பா, ஈரம் காயறதுக்குள்ள போட்டோ எடுங்க" என்றாய். அம்மாவைப் பற்றி அதற்கப்புறம்தான் கேட்டாய். பதற்றத்தில் பேசிவிட்டாள் என்று அம்மா உனக்குப் பரிந்து பேச, நானும் விட்டுவிட்டேன். போன வாரம் உங்கள் கம்பெனியின் திருச்சி ஆபீஸிலிருந்து பரணிதரன் என்ற பையன் ஈரம் அளக்கும் கருவியோடு வந்தான். "இது சோதனைக் கூரைதானுங்க சார், மழை எவ்வளவு தாங்கும்னு பாக்கப் போட்டது, மேடம் சொல்லலிங்களா" என்று சாதாரணமாகக் கேட்டான். இந்த மாதிரிக் கூரை போட்ட முதல் வீடு நம்முடையது என்று நீ சொன்னதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது தப்பென்று சொல்லவில்லை. காலி மனையில் கொட்டகை போட்டுப் பார்த்திருக்கலாம். எங்கள் தலைக்கு மேலேதான் பார்க்க வேண்டுமென்றால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சரியென்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லாமல் செய்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வாலிகண்டபுரத்தில் உன் மாமா அறிவரசன் கட்டும் வீட்டுக்கும் அதே பலகை நேற்று லாரியில் வந்தது. நானே போய் நிறுத்தினேன். "நம்ம புள்ள செஞ்சது மச்சான், நம்பாம இருக்க முடியுமா" என்றார். அவர் மருமகள் கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றாள். இது சோதனை, உங்களிடமும் முத்தமிழ் சொல்லவில்லை என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். லாரி திரும்பிப் போய்விட்டது. பெற்ற மகளைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். உன் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொண்டாலும் சரி, மறுபடியும் அதைத்தான் செய்வேன்.

அடுப்படிக்குத் தகரம் போட்டாயிற்று. மற்ற அறைகளைப் பிரிக்க அம்மா விடவில்லை. "சித்திரையில ஃபேன் இல்லாமத் தூங்குனேன், நல்ல பொருள்தான், மழைக்கு ஒரு வழி பாக்கச் சொல்லுங்க" என்கிறாள். மழை பெய்தால் நானும் அவளும் எதிர்வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறோம்.

தை மாதம் லீவு போட்டு வா. சாமான் ஒன்றும் வாங்கி வராதே. மாமா எதிரில் உட்கார்ந்து இது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று உன் வாயாலேயே சொல். கேட்டுவிட்டு அவர் வேண்டுமென்றால், அந்தப் பலகையை நானே சுமந்து ஏற்றுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

கோபம் தீராத உன் அப்பா,
நல்லதம்பி